எல்லையில் வாழ்வோரின் அமானிதம்: தேனி மாவட்டத்தின் நிலமும் நிர்வாகமும்



வரலாறு என்றவுடன் நம் உள்ளம் பக்தாதுக்கும் குர்துபாவுக்கும் டில்லிக்கும் விரைந்து சென்றுவிடுகிறது. அந்த வரலாறுகளைப் படிப்பது நன்றே. ஆயினும் நாம் அன்றாடம் நடமாடும் மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. நம் குடும்ப அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும் வட்டத்தின் பெயருக்கும் மாவட்டத்தின் பெயருக்கும் பின்னால் எத்தனையோ ஆட்சிகளின் எழுச்சியும் வீழ்ச்சியும் மறைந்திருக்கின்றன. அதை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. எனவே இம்மாதம் நாம் வாழும் இந்த எல்லை மாவட்டத்தைப் பற்றியே சிந்திப்போம்.

தேவாரத்தில் ஃபஜ்ர் தொழுகை முடித்து வெளியே வருவோர், சற்று முன்னர் தொழுகையில் முன்னோக்கிய அதே மேற்குத் திசையில் தலையை உயர்த்தினால், ஊரை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் மலைத்தொடரைக் காண்பார்கள். விடியாத வேளையில் மலையுச்சியில் சில விளக்குகள் மின்னும். கண்ணுக்கு அவை நம் ஊர் விளக்குகளைப் போலவே தோன்றும். ஆனால் அவை எரிவது வேறொரு மாநிலத்தில். அங்கே அரசு வேறு, அலுவல் மொழி வேறு.

அதே வேளையில் கீழே தெருவில் ஜீப்புகள் புறப்படும். மதிய உணவைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். அவர்கள் வேலைக்குச் செல்லும் ஏலத்தோட்டங்களுள் பல, நம் தலைக்கு நேர் மேலே இருக்கின்றன. எனினும் அங்கே செல்ல வடக்கே போடி மெட்டையோ தெற்கே கம்பம் மெட்டையோ சுற்றித்தான் போக வேண்டும். நேர்வழியில் சாலை இல்லை. இந்த ஒரு காட்சியில் நம் மாவட்டத்தின் நிலமும் நிர்வாகமும் அடங்கியிருக்கின்றன.

நிலத்தின் அமைப்பு

கம்பம் பள்ளத்தாக்கு மூன்று புறமும் மலை சூழ்ந்த நிலம். மேற்கிலும் தெற்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். வடக்கே பழனி மலைத்தொடர். வடகிழக்கில் மட்டும் மதுரைச் சமவெளியை நோக்கி நிலம் திறந்திருக்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் மழையில் பெரும்பகுதி மலைக்கு அப்பால் கொட்டிவிடுகிறது. இடுக்கி மாவட்டத்தில் பெய்யும் மழையில் மூன்றில் ஒரு பங்குகூட இந்தப் பள்ளத்தாக்கிற்குக் கிடைப்பதில்லை. மேலே ஏலமும் தேயிலையும் மிளகும் விளைய, கீழே மானாவாரிக் காடுகளும் கிணற்றுப் பாசனமுமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

முல்லையாறும் சுருளியாறும் இணைந்து பள்ளத்தாக்கின் நடுவே ஓடி, தேனிக்கு அருகே வைகையில் கலக்கின்றன. குரங்கணி மலையிலிருந்து கொட்டகுடி ஆறு போடி வழியாக வருகிறது. பெரியகுளத்துப் பக்கம் வராக நதி பாய்கிறது. முல்லையாறு, கொட்டகுடி ஆறு ஆகியவற்றின் நீர் ஆண்டிபட்டிக்கு அருகே 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையைச் சேர்கிறது.

லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை ஆற்றை ஒட்டிய 14,707 ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளைகிறது. கம்பம் பகுதியின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேவாரமோ ஆற்றிலிருந்து விலகி மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். நம் பக்கத்துக் குளங்கள் 18ஆம் கால்வாயை எதிர்பார்த்திருக்கின்றன. உத்தமபாளையம், போடி ஆகிய இரு வட்டங்களிலும் 4,614 ஏக்கருக்கு அந்தக் கால்வாய் பயன்படுகிறது. தண்ணீர் திறக்கும் நாள் தள்ளிப்போனால் அந்த ஆண்டு எத்தனை வீடுகளில் திருமணம் தள்ளிப்போகிறது என்பதை நிகாஹ் பதிவேட்டைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன்.

ஆட்சிகள் மாறின

மதுரை நாயக்கர்கள் தங்கள் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்து ஆண்டார்கள் என்பது பள்ளிப் பாடத்தில் படித்த செய்தி. போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் ஆகிய இவ்வூர்கள் அக்காலத்துப் பாளையங்களே. மலையின் வாயில்களைக் காப்பதும் வரி திரட்டுவதும் படை அனுப்புவதும் பாளையக்காரரின் கடமைகளாக இருந்தன.

நாயக்கர் ஆட்சி 1736இல் முடிவுற்றது. 1755இல் ஹைதர் அலீ மைசூர் அரசின் சார்பாகத் திண்டுக்கல்லுக்குத் தளபதியாக வந்தார். திண்டுக்கல் சீமையோடு இந்தப் பள்ளத்தாக்கின் பாளையங்களும் மைசூரின் மேலாண்மைக்குள் வந்தன. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் நாட்டின் பாதியை இழந்தபோது, திண்டுக்கல் சீமையும் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குச் சென்றது. 1801இல் ஆற்காடு நவாபிடமிருந்து மதுரையின் எஞ்சிய பகுதிகளையும் கம்பெனி பெற்றுக்கொண்டது. நம் ஊரின் தலைவிதி எங்கோ காவிரிக் கரையில் ஒரு கையெழுத்தால் மாறிய வரலாறு இது.

பின்னர் பாளையங்கள் ஜமீன்களாயின. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன் முறையை ஒழித்தது. கிராமங்களில் பரம்பரையாகக் கணக்கு எழுதிவந்த கர்ணமும் முன்சீப்பும் 1980 வரை நீடித்தார்கள். அந்த ஆண்டில் அப்பதவிகள் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் கிராம நிர்வாக அலுவலர்கள் அமர்த்தப்பட்டார்கள். பிறப்பால் கிடைத்த அதிகாரம் படிப்பால் கிடைக்கும் பணியாக மாறியது. ஏழை எளியவரைப் பொறுத்தவரை இது சிறிய மாற்றமன்று.

ஒரு மாவட்டம் ஏன் பிரிக்கப்படுகிறது?

ஆங்கிலேயர் காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் மதுரை மாவட்டத்தின் பெரியகுளம் வட்டத்தில் அடங்கியிருந்தது. மதுரையிலிருந்து 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதன் பின்னரும் நாம் மதுரையோடுதான் இருந்தோம். கூடலூரில் வாழும் ஒரு விவசாயி மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டுமானால் நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்ய வேண்டும். காலையில் புறப்பட்டு மனுவைக் கொடுத்துவிட்டு இரவில் வீடு திரும்பினால், ஒரு நாள் கூலியும் போயிற்று, பேருந்துக் கட்டணமும் போயிற்று.

1996 ஜூலையில் அரசாணை வெளியாகி, 1997 ஜனவரி 1 முதல் தேனி தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது. இன்று இதில் பெரியகுளம், உத்தமபாளையம் என இரண்டு வருவாய்க் கோட்டங்கள் உள்ளன. தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, போடிநாயக்கனூர், உத்தமபாளையம் என ஐந்து வட்டங்கள். ஊர்ப்புற வளர்ச்சிப் பணிகளுக்கு எட்டு ஊராட்சி ஒன்றியங்களும் அவற்றின் கீழ் 130 ஊராட்சிகளும் இருக்கின்றன. இவற்றோடு ஆறு நகராட்சிகளும் 22 பேரூராட்சிகளும் உண்டு. உத்தமபாளையம் வட்டத்திலுள்ள தேவாரம் அந்தப் பேரூராட்சிகளுள் ஒன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 12,45,899.

நிலவரி, பட்டா, சாதிச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவை கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர், ஆட்சியர் என்ற ஏணியில் ஏறிச் செல்பவை. குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை ஆகியவை ஊராட்சி அல்லது பேரூராட்சியின் பொறுப்பில் உள்ளவை. எந்தக் குறைக்கு எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்பதை அறியாமலேயே நம்மில் பலர் அலைந்து திரிகிறோம். அறிந்தவர்கள் அறியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் ஒரு தர்மமே.

தொலைவில் இருக்கும் ஆட்சியாளருக்கு எல்லைப் பகுதியின் தேவை தெரியாது என்பதை முன்னோர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். அப்பாஸிய கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் ஹிஜ்ரி 170இல், அதாவது கி.பி. 786இல், ரோமப் பேரரசை ஒட்டிய எல்லைப் பகுதிகளைச் சிரியாவின் கின்னஸ்ரீன் மாகாணத்திலிருந்தும் ஜஸீராவிலிருந்தும் பிரித்து, ‘அவாஸிம்’ என்ற தனி நிர்வாகப் பகுதியாக்கினார். கோட்டை, சாலை, எல்லையில் குடியேறியோரின் வாழ்க்கை வசதி ஆகிய அனைத்தும் அருகிலிருந்தே கவனிக்கப்பட வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

எல்லை ஊரை அரபி மொழியில் ‘ஸக்ர்’ என்பார்கள். அதன் பன்மை ‘ஸுகூர்’. இச்சொல்லுக்கு இடைவெளி, திறப்பு என்ற பொருளும் உண்டு; முன்பல்லையும் இதே சொல்லால் குறிப்பர். மலைத்தொடரில் வழி திறந்திருக்கும் இடமே எல்லை ஊராக அறியப்பட்டது. நம் மக்கள் ‘மெட்டு’ என்று சொல்வதும் மலையேறிக் கடக்கும் இடத்தைத்தான். போடி மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி ஆகிய மூன்று வழிகளால்தான் நாம் மலைக்கு அப்பாலுள்ள உலகோடு இணைந்திருக்கிறோம். எல்லையைக் குறிக்கும் சொற்களிலேயே வழியும் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள்.

மலையுச்சியில் வரைந்த கோடு

1877இல் பூஞ்சாறு மன்னர் மலையுச்சிப் பகுதியின் கண்ணன் தேவன் குன்றுகளை ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தார். அதன் பின்னர் மலைக்காடுகள் தோட்டங்களாகத் தொடங்கின. தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்து ஏழைகள் மலையேறினார்கள். அரிசியும் உப்பும் துணியும் பொதிமாடுகளில் ஏற்றப்பட்டுக் கீழிருந்து மேலே சென்றன. இந்த வாணிபத்தில் நம் ராவுத்தர் சமுதாயத்து முன்னோர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. அவர்கள் ஈட்டிய பொருள் பள்ளிவாசல்களாகவும் கல்விக் கூடங்களாகவும் மாறியது. உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரி அதற்குச் சான்றாக நிற்கிறது.

மூணாற்றுத் தேயிலை அக்காலத்தில் இந்த மாவட்டத்தின் வழியாகவே வெளியுலகைச் சென்றடைந்தது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையும், 1908இல் குறுகிய இரயில் பாதையும் அமைந்தன. அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகள் போடியைச் சேர்ந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அடித்துச் சென்றுவிட்டது. போடிக்கு மதுரையிலிருந்து இரயில் வந்ததோ 1928இல். அகலப்பாதைப் பணிக்காக 2010இன் இறுதியில் நிறுத்தப்பட்ட அந்த இரயில், தேனிக்கு 2022 மே மாதத்திலும் போடிக்கு 2023 ஜூனிலும் மீண்டும் வந்து சேர்ந்தது.

டாப் ஸ்டேஷன் இன்றும் தமிழ்நாட்டில், போடி வட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே வாழ்வோர் வாகனத்தில் தம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வர வேண்டுமானால், மூணாறு வழியாகக் கேரளத்தைச் சுற்றிக்கொண்டு போடி மெட்டில் இறங்க வேண்டும். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டமும் அவ்வாறே. நிலம் நம் மாவட்டத்தில். ஜீப் செல்லும் பாதையோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. வரைபடத்தில் கோடு போடுவது எளிது. அந்தக் கோட்டின் மேல் குடியிருப்பவனின் சிரமம் வரைபடத்தில் தெரிவதில்லை.

மொழிவழி மாநிலங்கள் அமைப்பதற்காக 1953இல் ஓர் ஆணையம் நியமிக்கப்பட்டது. அதன் தலைவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த சையித் ஃபஸ்ல் அலீ. ஆணையம் 1955இல் அறிக்கை அளித்தது. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்துடன் இணைய வேண்டும் என்று எழுந்த கோரிக்கை ஏற்கப்படவில்லை. தெற்கே கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு வட்டங்கள் மட்டும், செங்கோட்டையின் ஒரு பகுதியோடு, 1956 நவம்பர் 1 அன்று நம்மை வந்தடைந்தன. 1972 ஜனவரி 26இல் கேரளம் இடுக்கி மாவட்டத்தை அமைத்தது. அன்றிலிருந்து தேனிப் பள்ளத்தாக்கும் இடுக்கி மலைகளும் இரண்டு மாநிலங்களின் இரண்டு மாவட்டங்களாக முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன.

கோடு வரையப்பட்ட பின்னரும் வாழ்க்கை பிரிந்துவிடவில்லை. இடுக்கியில் விளையும் ஏலக்காய் கேரளத்துப் புற்றடியிலும் நம் போடியிலும் ஏலம் விடப்படுகிறது. நம் காய்கறியும் அரிசியும் பாலும் மலையேறுகின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் தொடர்கின்றன. அங்கே மஹல்லு என்பார்கள், இங்கே ஜமாஅத் என்கிறோம். இருபுறத்துக் கடிதமும் வந்தால்தான் நிகாஹ் நடைபெறும். நாம் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபையும், கேரளத்தார் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபையும் பின்பற்றுவதால், மலையிலிருந்து இறங்கிவரும் விருந்தாளி நம் அஸர் பாங்குக்காகச் சிறிது நேரம் காத்திருப்பதும் உண்டு. இவற்றால் எவருக்கும் மனவருத்தம் ஏற்பட்டதில்லை.

பெரியாற்று நீர்

மேற்கே ஓடும் பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் எண்ணம் நெடுங்காலமாகவே இருந்துவந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் அதை அவசியமாக்கியது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர் நிலம், 999 ஆண்டுகள், ஏக்கருக்கு ஆண்டு வாடகை ஐந்து ரூபாய் என்பன அதன் நிபந்தனைகள். பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் தலைமையில் 1887இல் தொடங்கிய அணைப்பணி 1895இல் நிறைவுற்றது. காட்டு வெள்ளத்தாலும் மலேரியாவாலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் அங்கே உயிர்நீத்தார்கள். லோயர்கேம்ப்பில் பென்னிகுவிக்கிற்கு 2013இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. பெயர் தெரியாத அந்தத் தொழிலாளர்களையும் நாம் நினைவுகூர வேண்டும்.

நிர்வாகம் என்ற முறையில் இந்த அணை ஒரு வியப்பு. அணை இருப்பது கேரளத்தில்; அதை இயக்குவது தமிழகத்துப் பொறியாளர்கள்; நீர் பாய்வது தேனி முதல் இராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களில். 1970இல் வாடகை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்த்தப்பட்டு, மின் உற்பத்திக்கும் உரிமைத் தொகை முடிவு செய்யப்பட்டது.

1979இல் குஜராத்தில் மோர்வி அணை உடைந்து பேரழிவு நேர்ந்தது. அதே ஆண்டில், அணையைப் பலப்படுத்துவதற்காகப் பெரியாற்று அணையின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பணிகள் முடிந்த பின்னர் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. 2014 மே மாதத்தில் அதை மீண்டும் உறுதி செய்து, கண்காணிப்புக் குழு ஒன்றையும் அமைத்தது. நமக்கு இது வயலின் பிரச்சினை. அணைக்குக் கீழே குடியிருப்போருக்கோ உயிரைப் பற்றிய அச்சம். இரண்டும் உண்மையே. ஒரு தரப்பின் நியாயத்தை மட்டும் பேசுவது எளிது. நீதி அதைவிடக் கடினமானது.

2011 டிசம்பர்

அந்த ஆண்டின் இறுதியில் அச்சமும் வதந்தியும் சேர்ந்து எல்லையில் தீ மூட்டின. தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் மிரட்டப்பட்டார்கள். இப்பக்கத்தில் கேரளத்தாரின் கடைகள் தாக்கப்பட்டன. பள்ளத்தாக்கின் மக்கள் பல்லாயிரக்கணக்கில் குமுளியை நோக்கித் திரண்டார்கள். தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. மலைச் சாலைகளில் போக்குவரத்து நின்றது. குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு காட்டுப் பாதைகளில் நடந்தே இறங்கிய குடும்பங்களும் உண்டு.

அப்போது நமக்குத் தெரிந்த சகோதரர் ஒருவர் மலைமேல் சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடையைப் பூட்டக்கூட அவகாசமின்றிக் குடும்பத்தோடு இறங்கி வந்துவிட்டார். கடை போய்விட்டது என்றே எண்ணி, ஒவ்வொரு நாளும் தொழுகைக்குப் பின் தனியே அமர்ந்து அழுவார். வாரங்கள் கடந்து சாலை திறந்தது. அவர் மேலே சென்றபோது, பக்கத்துக் கடைக்காரரான மலையாளக் கிறிஸ்தவர் ஒருவர் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். கெட்டுப்போகும் பொருள்களை எல்லாம் விற்று, ஒவ்வொன்றுக்கும் கணக்கெழுதி, பணத்தை ஒரு துணிப்பையில் கட்டி வைத்திருந்தார். கூட்டம் வந்த இரவில் அந்தக் கடையும் தன்னுடையதே என்று சொல்லி வாசலில் நின்றாராம்.

வாசகர்களே! அமானிதம் என்ற சொல்லை நாம் மிம்பர்களில் எத்தனையோ முறை முழங்கியிருக்கிறோம். அதை அந்த மனிதர் செய்து காட்டினார். நம் பக்கத்தில் கேரளத்தாரின் கடைகள் தாக்கப்பட்டபோது, இப்படி வாசலில் போய் நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்? இந்தக் கேள்வியை நான் முதலில் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். அன்று நான் பள்ளிவாசலுக்குள் துஆ செய்துகொண்டிருந்தேன்; தெருவுக்கு வரவில்லை.

விளிம்பில் இருப்பவரின் உரிமை

கலவரம் எப்போதோ ஒருமுறை வருவது. விளிம்பில் வாழ்வோரின் அன்றாடத் துன்பமோ ஓசையின்றி நடப்பது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கைம்பெண் என்னிடம் வந்தார். முப்பது ஆண்டுகள் கணவரோடு மலைத்தோட்டத்தில் உழைத்தவர். கணவர் அங்கேயே மௌத்தானார். இறப்புப் பதிவு அங்கே. குடும்ப அட்டை இங்கே. இரண்டிலும் கணவரின் பெயர் வேறு வேறு எழுத்துகளில் இருந்தது. வாரிசுச் சான்று கேட்டால், இங்குள்ளோர் அங்கே போகச் சொன்னார்கள். அங்குள்ளோர் இங்கே அனுப்பினார்கள். ஐந்து மாதங்கள் அவர் மலையேறி இறங்கினார். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமன்று. இறுதியில் இளம் அலுவலர் ஒருவர் தொலைபேசியை எடுத்து, அப்பக்கத்து அலுவலரிடம் நேரில் பேசினார். அன்றைக்கே வழி பிறந்துவிட்டது. சட்டத்தில் இடம் இல்லாததால் அந்தப் பெண் அலையவில்லை. இரு பக்கத்து மனிதர்கள் பேசிக்கொள்ளாததால் அலைந்தார்.

தேவாரத்து மக்கள் நெடுங்காலமாக ஒரு சாலையைக் கேட்டுவருகிறார்கள். ஊருக்கு மேலுள்ள சாக்குலூத்து மெட்டு வழியாக மலையுச்சிக்குச் சாலை அமைந்தால், சுற்றுவழி குறையும். நம் பெண்கள் ஜீப்பில் தொங்கிக்கொண்டு போகும் நேரமும் ஆபத்தும் குறையும். ஆனால் இடையில் இருப்பது வனநிலம். 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அத்தகைய நிலத்தை வேறு பயனுக்குக் கொடுக்க மத்திய அரசின் ஒப்புதல் தேவை. காடும் அமானிதமே. இந்த மலைக்காடு அழிந்தால் கீழே நம் கிணறுகள் வற்றும் என்பதை விவசாயி அறிவார். அதே மலையில் வேலைக்குச் செல்லும் பெண்ணின் உயிரும் அமானிதமே. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து நேர்மையாக முடிவெடுப்பதுதான் நிர்வாகத்தின் கடமை. முடிவு எதுவானாலும், காரணத்தை மக்களிடம் விளக்கிச் சொல்ல வேண்டும். சாலை இயலாதென்றால், சுற்றுவழியிலாவது அந்தப் பெண்களுக்குப் பாதுகாப்பான பேருந்து வேண்டும்.

ஃபுராத் நதிக்கரையில் ஒரு கால்நடை இடறி விழுந்தாலும், அதற்குப் பாதையைச் சீர்செய்யாதது ஏன் என்று தம்மிடம் கேட்கப்படும் என்று கலீஃபா உமர் (ரலி) அஞ்சியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மதீனாவிலிருந்து அந்த நதிக்கரை எத்தனை நாள் பயணத் தொலைவு என்பதைச் சிந்தியுங்கள். தலைநகரிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் பாதைக்கும் தாமே பொறுப்பாளி என்று ஆட்சியாளர் கருதினார். நாயக்கர் ஆண்டாலும், மைசூரார் ஆண்டாலும், கம்பெனி ஆண்டாலும், இன்று நாம் தேர்ந்தெடுத்தவர்கள் ஆண்டாலும், விளிம்பில் இருப்பவர் பெற்ற நீதியைக் கொண்டே அந்த ஆட்சியை எடைபோட வேண்டும்.

அதே அளவுகோல் நமக்கும் உண்டு. நாம் எல்லைவாசிகள். மலையேறிச் செல்லும்போது நாம் அந்த மண்ணின் விருந்தாளிகள். மலையிறங்கி வருவோர் நம் விருந்தாளிகள். இரண்டு அரசுகளும் வழக்காடலாம். அது நீதிமன்றத்தில் நடக்கட்டும். நம் தெருவில் கடை வைத்திருக்கும் கேரளத்துச் சகோதரரின் பூட்டும் சாவியும் நம் பொறுப்பு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்போம். வதந்தி வந்த அன்று கைப்பேசியில் அதைப் பரப்பாமல், அவர் வாசலில் போய் நிற்கக் கற்றுக்கொடுப்போம். மலைமேல் நம் பிள்ளைகளின் வாசலிலும் அப்படி ஒருவர் நிற்க வேண்டும் அல்லவா?

எல்லையின் இருபுறமும் வாழும் மக்களுக்கு வல்ல இறைவன் மழையையும் அமைதியையும் அருள்வானாக! ஆள்வோருக்கு விளிம்பில் இருப்போரை நினைக்கும் உள்ளத்தையும், நமக்கு அண்டை வீட்டாரின் அமானிதத்தைக் காக்கும் துணிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.